ருமேனிய மொழி கற்பதற்காகக் கணினியை ருமேனிய மொழிக்கு மாற்றலாமா?

ருமேனியாவின் க்ளூஜ் நகரில் வேலைக்குச் சேரப்போகும் ஒருவர் இங்கே கேட்டிருக்கிறார்: ருமேனிய மொழி ஆங்கிலத்தைவிடக் கடினமா? மடிக்கணினியில் விண்டோஸை ருமேனிய மொழிக்கு மாற்றிவைத்தால் சீக்கிரம் பழகிவிடுமா? அப்படிப் பழகுமென்றால், அங்கே வேலை செய்பவர்களே ஏன் ஆங்கில விண்டோஸை வைத்திருக்கிறார்கள்? மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அவர் உண்மையில் அறிய விரும்புவது ஒன்றுதான். அந்த ஊர்க்காரர்களே தங்கள் மொழியில் கணினியை வைத்துக்கொள்ளாதபோது, வெளியிலிருந்து போகும் நான் வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டா? உண்டு என்பது என் பதில். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் விசைப்பலகை, அப்புறம் கைபேசி, கடைசியில்தான் கணினித் திரையின் மொழி.

மென்பொருளை வேற்று மொழிகளுக்குக் கொண்டுபோகும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மொழிபெயர்ப்பது என் வேலை அல்ல. மொழிபெயர்த்து வந்த வரிகளைத் திரையில் ஓட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. ருமேனிய மொழி எனக்கு அந்த வழியில்தான் வந்தது. படிப்பேன், அலுவலகப் பேச்சைச் சமாளிப்பேன். இலக்கியம் பற்றியோ கிராமத்துப் பேச்சு பற்றியோ கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே எழுத்து, இலக்கணம், இயங்குதளம் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்கிறேன். மொழி கற்பது பற்றிச் சொல்வதை ஒருவரின் அனுபவக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடினமா என்ற கேள்வி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் ருமேனிய மொழியை ஸ்பானிஷ், இத்தாலியன் ஆகியவற்றோடு சேர்த்து எளிதான முதல் வகையில் வைத்திருக்கிறது. இதை இணையத்தில் பலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காகப் போட்ட கணக்கு. தமிழர் ஒருவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில் ருமேனியன் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு நேர்மையானது என்பதுதான். மொத்தம் 31 எழுத்துகள். சில விதிகளைப் பிடித்துக்கொண்டால், பார்க்கும் சொல்லைப் பெரும்பாலும் பிழையின்றி வாய்விட்டுப் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் இருபது ஆண்டு பழகியவருக்கும் புதிய சொல்லை எப்படி உச்சரிப்பது என்ற சந்தேகம் வருகிறதே, அது இங்கே மிகக் குறைவு.

வெளிநாட்டவர் திணறும் ஓர் உயிரொலி நமக்கு ஏற்கெனவே நாவில் இருக்கிறது. ஆங்கில ஐ (I) எழுத்தின் மேல் கூரைபோல் ஒரு குறி போட்டு எழுதும் ஒலி அது. ஆறு, காடு, பாட்டு என்ற சொற்களின் கடைசியில் உதட்டைக் குவிக்காமல் சொல்கிறோமே, அந்தக் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் வரும். நமக்கு அது சொல்லின் கடைசியில் வரும். அவர்களுக்குச் சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும், அவ்வளவுதான் வேறுபாடு. அதே ஒலியை ஏ (A) எழுத்தின் மேல் கூரை போட்டும் எழுதுவார்கள். சொல்லின் நடுவில் வந்தால் ஏ, தொடக்கத்திலும் இறுதியிலும் வந்தால் ஐ. 1953 எழுத்துச் சீர்திருத்தத்தில் ஏ வடிவத்தை நீக்கினார்கள். ‘ருமேனியா’ என்ற சொல்லுக்கும் அதன் குடும்பத்துக்கும் மட்டும் 1960களின் நடுவில் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு 1993இல் ருமேனிய அகாடமி அதை எல்லாச் சொற்களுக்கும் மீட்டுக் கொண்டுவந்தது. பழைய புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்றைய செய்தியில் வேறு மாதிரியும் ஒரே சொல்லைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், காரணம் இதுதான்.

இலக்கணம் எளிது என்று சொல்ல மாட்டேன். மூன்று பால் உண்டு. வேற்றுமை உண்டு. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனியாக நிற்கும் ‘தி’ (the) என்ற சுட்டுச்சொல், ருமேனிய மொழியில் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். கோப்பு என்பது ஃபிஷியெர். குறிப்பிட்ட அந்தக் கோப்பு ஃபிஷியெருல். அந்தக் கோப்பின் என்றால் ஃபிஷியெருலுய். விகுதியை அடுக்கிப் பேசிப் பழகிய நமக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. என்னோடு வேலை செய்த ஆங்கிலேயர்களைவிடத் தமிழர்கள் இதை விரைவாகப் பிடித்துக்கொண்டதாக எனக்குப் படுகிறது. நிரூபிக்க ஒன்றும் கையில் இல்லை.

இந்த இடத்தில்தான் இயங்குதளம் உள்ளே வருகிறது. விண்டோஸோ லினக்ஸோ, அவற்றின் வரிகள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் ‘புதிய’ என்பதற்கு ஒரே சொல். அதை எந்தப் பெயரின் முன்னால் வைத்தாலும் பொருந்தும். எனவே நிரலர் அந்தச் சொல்லை ஒரு முறை எழுதிவைத்துவிட்டு, ஆவணம், சாளரம், கோப்புறை என்று எதையும் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறார். ருமேனிய மொழியில் ஆவணத்துக்கு நோவ் என்றால் சாளரத்துக்கு நோவ. சாளரம் அங்கே பெண்பால். ஒட்டி உருவாக்கிய வரி அந்த இடத்திலேயே தவறாகிவிடும். ஆங்கிலத்தில் ‘திற’ என்ற கட்டளைக்கும் ‘திறந்திருக்கிறது’ என்ற நிலைக்கும் ஒரே சொல் போதும். ருமேனிய மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அவர் கையில் இருப்பதோ திரை தெரியாத ஒரு நீண்ட பட்டியல். ‘கதவைத் திற’ என்று வரவேண்டிய இடத்தில் ‘கதவு திறந்தது’ என்று வந்துவிட்டால் பழியை அவர்மேல் போடுகிறார்கள். அது நியாயமில்லை. அந்த வரி எங்கே தோன்றும் என்று நிரலர் ஒரு குறிப்பு எழுதியிருந்தால் அந்தப் பிழையே வந்திருக்காது.

பயனரின் பெயரைச் சேர்க்கும் வரி இன்னும் சிக்கல். ‘மரியாவின் ஆவணங்கள்’ என்று காட்ட ஆங்கிலத்தில் எந்தப் பெயருக்குப் பின்னும் ஒரே ஒட்டைச் சேர்த்தால் முடிந்தது. ருமேனிய மொழியில் மரியா என்ற பெயரே மரியேய் என்று உருமாறும். ஆந்த்ரேய் என்ற ஆணின் பெயர் மாறாது, அதற்கு முன்னால் லுய் என்று ஒரு சொல் வந்து நிற்கும். பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று மென்பொருள் ஊகிக்க முடியாதே. எனவே தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஆவணங்கள்: மரியா’ என்று வாக்கியத்தையே மாற்றித் தப்பித்துக்கொள்வார்கள். மரியாவின், முருகனின் என்று பெயரோடு உருபை ஒட்டும் தமிழிலும் இதே தொல்லை இருப்பதால் எனக்கு இந்த உத்தி மிகவும் பிடிக்கும்.

எண்ணிக்கையைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் மென்பொருள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஆங்கிலத்துக்கு ஒருமை, பன்மை என்று இரண்டு வடிவம் போதும். ருமேனிய மொழிக்கு மூன்று வேண்டும். ஒரு கோப்பு என்றால் ஒருமை. 2 முதல் 19 வரை எண்ணுக்குப் பின் நேராகப் பன்மைப் பெயர்: 2 ஃபிஷியெரே, 19 ஃபிஷியெரே. 20 வந்ததும் நடுவில் ‘தே’ என்று ஓர் இடைச்சொல் நுழையும்: 20 தே ஃபிஷியெரே. 100க்கும் அந்த இடைச்சொல் உண்டு. 101 முதல் 119 வரை அது மறையும், 120இல் திரும்ப வரும். சுழியத்துக்கு இடைச்சொல் கிடையாது. லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவியில் ஒவ்வொரு மொழிக்கும் இந்த விதியை ஒரு சூத்திரமாகவே எழுதிவைக்க இடம் உண்டு. ருமேனியனுக்கு அதில் மூன்று வடிவம் என்று இருக்கும். ‘20 ஃபிஷியெரே’ என்று ஒரு செயலி காட்டினால், அதை எழுதியவர் உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் இரண்டே வடிவம் என்று நினைத்திருக்கிறார் என்று பொருள். உங்களுக்கு ஒரு யோசனை: கோப்புகளை நகலெடுக்கும்போது திரையில் எண் மாற மாற இந்த இடைச்சொல் வருகிறதா என்று கவனியுங்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் படிப்பதைவிட நன்றாக மனதில் நிற்கும்.

சரி, ருமேனியர்கள் ஏன் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள்? இதற்குப் பலரும் சொல்லும் காரணம், கணினிக்கு இயல்பான மொழி ஆங்கிலம் என்பது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ருமேனியாவின் முதல் கணினியான சிஃபா-1, விக்டர் தோமாவின் தலைமையில் புகரெஸ்டை அடுத்த மகுரேலே அணு இயற்பியல் நிறுவனத்தில் 1957இல் இயங்கத் தொடங்கியது. 1970இல் தொடங்கிய ஃபெலிக்ஸ் சி-256 வரிசைக் கணினிகள் பிரெஞ்சு நிறுவனமான சிஐஐயின் ஐரிஸ்-50 இயந்திரத்தின் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டவை. அவற்றில் ஓடிய சிரிஸ் இயங்குதளமும் பிரான்ஸிலிருந்து வந்ததுதான். கோப்புக்கான ஃபிஷியெர், அச்சுப்பொறிக்கான இம்ப்ரிமந்தா இரண்டும் பிரெஞ்சுச் சொற்களின் ருமேனிய வடிவங்கள். ஆக, கணினி பற்றிப் பேச அவர்களிடம் சொல் இல்லாமல் போகவில்லை. 1980களில் வீட்டுக்கு வந்த எச்.சி.-85 என்ற ருமேனியக் கணினி, பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் கணினியைப் பார்த்துச் செய்தது. அதன் விசைகளின் மேலேயே பேசிக் என்ற நிரல்மொழியின் ஆங்கிலக் கட்டளைகள் அச்சிடப்பட்டிருக்கும். அன்றைய பிள்ளைகளுக்குக் கணினி என்றால் ஆங்கிலம் என்ற பழக்கம் அதிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பெரிய அடி விழுந்தது எழுத்தில். ருமேனிய மொழியில் ஷ் ஒலிக்கு எஸ்ஸின் கீழேயும், ட்ஸ் ஒலிக்கு டீயின் கீழேயும் ஒரு காற்புள்ளி இருக்கும். குறியேற்றம் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் ஓர் எண்ணை ஒதுக்கும் பட்டியல். 1987இல் வந்த ஐஎஸ்ஓ 8859-2 குறியேற்றத்திலும், விண்டோஸின் சொந்தப் பட்டியலான 1250 குறிப்பக்கத்திலும் இந்த இரண்டு எழுத்தும் காற்புள்ளியோடு இல்லை. அதற்குப் பதிலாக, துருக்கிய மொழியில் வருவதுபோல் எழுத்தின் அடியில் ஒட்டிய கொக்கி வடிவம்தான் இருந்தது. காற்புள்ளி எழுத்துகளுக்குத் தனி இடம் 1999இல் யூனிகோட் 3.0 வந்தபோதுதான் கிடைத்தது. 2001இல் அவற்றைக் கொண்ட ஐஎஸ்ஓ 8859-16 குறியேற்றம் வந்தது. 2004இல் ருமேனியா தன் விசைப்பலகைத் தரத்தை வெளியிட்டது. ஆனால் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பியின் எழுத்துருக்களில் சரியான எழுத்துகள் இல்லை. சரியாக எழுதியவரின் வரியில்தான் பலர் திரையில் வெற்றுப் பெட்டிகள் தெரிந்தன. 2007 ஜனவரி 1 அன்று ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே மாதம் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் காற்புள்ளி எழுத்துகள் ஒழுங்காக வந்தன. எக்ஸ்பிக்கும் ஐரோப்பிய ஒன்றிய விரிவாக்க எழுத்துருப் புதுப்பிப்பு என்று ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள். புதுப்பிப்பை நிறுவாதவர்களுக்கு எக்ஸ்பி இருந்த வரை பெட்டிதான்.

தன் தலைநகரத்தின் பெயரையே பிழையில்லாமல் தட்டச்ச முடியாத நிலை ஒரு மொழிக்கு எவ்வளவு பெரிய அவமரியாதை என்று யோசித்துப் பாருங்கள். புகரெஸ்ட், பிரஷோவ், யாஷ், டிமிஷோவாரா, கோன்ஸ்டான்ட்சா என்று பெரிய நகரங்கள் பலவற்றின் பெயரிலும் அந்த எழுத்துகளில் ஒன்று இருக்கிறது. மக்கள் என்ன செய்தார்கள்? குறிகளே இல்லாமல் எழுதக் கற்றுக்கொண்டார்கள். பெஷ்டே என்றால் மீன், பெஸ்டே என்றால் மேலே. குறியை விட்டுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். எழுத்துச் சிக்கல் தீர்ந்து இத்தனை ஆண்டுகளான பின்னும் குறுஞ்செய்தியில், மின்னஞ்சலில் இந்தப் பழக்கம் தொடர்கிறது. அங்கே கடைகளில் விற்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அமைப்புதான் என்பதும் ஒரு காரணம்.

இதனோடு திருட்டுப் பிரதிகளும் சேர்ந்தன. 2007 பிப்ரவரியில் புகரெஸ்டில் மைக்ரோசாஃப்ட் மையம் ஒன்று திறக்கப்பட்டபோது, பில் கேட்ஸ் அருகில் இருக்கவே, அன்றைய அதிபர் த்ராயான் பசெஸ்கு, இளைஞர்கள் கணினியைக் கண்டறிய உதவியது திருட்டு மென்பொருள்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிக் கைமாறிய பிரதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன என்று அந்தத் தலைமுறையைச் சேர்ந்த என் சக ஊழியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கே வெளிநாட்டுப் படங்களைக் குரல் மாற்றாமல் வசன வரிகளோடு காட்டுவது வழக்கம் என்பதால், சிறு வயதிலேயே காதுக்கு ஆங்கிலம் பழகியிருக்கும். இன்றைய நடைமுறைக் காரணம் வேறு: ஒரு பிழைச்செய்தியை ஆங்கிலத்தில் தேடினால் உடனே தீர்வு கிடைக்கும், ருமேனிய மொழியில் தேடினால் கிடைப்பது குறைவு. ஆகவே உங்கள் சக ஊழியர்கள் ஆங்கில விண்டோஸ் வைத்திருப்பதைத் தாய்மொழி மீது அக்கறையில்லாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். திரையின் மொழி, விசைப்பலகை, வட்டார வடிவம் மூன்றும் விண்டோஸில் தனித்தனி அமைப்புகள். முதலில் விசைப்பலகையைச் சேருங்கள். ருமேனியனுக்கு விண்டோஸ் மூன்று அமைப்புகளைத் தருகிறது: பழையது, தரப்படுத்தப்பட்டது, நிரலர்களுக்கானது. மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அது நீங்கள் ஏற்கெனவே பழகிய அமெரிக்க அமைப்புதான். வலப்பக்க ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எஸ் (S), டி (T), ஏ (A), ஐ (I), க்யூ (Q) விசைகளைத் தட்டினால் ஐந்து குறி எழுத்துகளும் வந்துவிடும். லினக்ஸில் ருமேனியன் என்று தேர்ந்தெடுத்தாலே இதுபோன்ற அமைப்புதான் வரும். முதல் நாளிலிருந்தே குறிகளோடு எழுதுங்கள். உள்ளூர்க்காரர் குறியில்லாமல் எழுதலாம், அவருக்கு ஒலி தெரியும். கற்பவர் அப்படி எழுதினால் ஒலியே மனதில் பதியாது.

அடுத்து கைபேசி. வரைபடம், வங்கி, பேருந்து, மளிகைச் செயலிகளில் வரும் சொற்கள்தான் தெருவில் இறங்கினால் காதில் விழும். கணினிப் பட்டியல்களில் இருப்பவை ஒற்றைச் சொற்கள். இடம் பழகிய பின் அவற்றை யாரும் படிப்பதில்லை, கை தானாகப் போய்ச் சொடுக்கிவிடும். அதனால் பட்டியலிலிருந்து மொழி வரும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பலன் தருபவை பிழைச்செய்திகளும் எச்சரிக்கைகளும். அவை முழு வாக்கியங்கள். சுட்டு ஒட்டு, வேற்றுமை, வினையெச்சம் எல்லாம் அவற்றில் வரும், அவசரத்தில் படிப்பதால் நினைவிலும் நிற்கும். அவற்றை மூடுவதற்குமுன் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

திரைமொழியை மாற்றும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் மடிக்கணினியோடு வரும் விண்டோஸ் பல நேரம் ‘ஹோம் சிங்கிள் லாங்வேஜ்’ பதிப்பு. அதில் விசைப்பலகையைச் சேர்க்கலாம், திரைமொழியை மாற்ற முடியாது. உங்களுடையது அதுவல்ல என்றால், தனியாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து அதில் மட்டும் ருமேனியனை வையுங்கள். அலுவலகக் கணினியாக இருந்தால் கேட்காமல் மாற்ற வேண்டாம். வட்டார வடிவத்தை ருமேனியா என்று வைத்தால் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியும், ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் வரும். எக்செல் சூத்திரங்களில் காற்புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி போட வேண்டியிருக்கும். சம்பளக் கணக்கு, வாடகைக் கணக்கு பார்க்கும் கோப்புகளில் இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். லினக்ஸ் முனையத்தில் கட்டளைகள் எப்போதும் ஆங்கிலம்தான், பதில் வரும் செய்திகள் மட்டும் மொழி மாறும். அந்தச் செய்தியை இணையத்தில் தேட வேண்டியிருந்தால், எல்சி-ஆல் (LC_ALL) என்ற சூழல் மாறிக்கு சி (C) என்ற ஒற்றை எழுத்தை மதிப்பாகக் கொடுத்து அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டுங்கள், செய்தி ஆங்கிலத்தில் வரும்.

கடைசியாக, அங்கே போனதும் வாடகை ஒப்பந்தம், குடியிருப்புப் பதிவு என்று நிறைய ஆவணங்கள் மின்னஞ்சலில் வரும். பழைய வார்ப்புருவில் தட்டியவற்றில் கொக்கி எழுத்தும், புதியவற்றில் காற்புள்ளி எழுத்தும், சிலவற்றில் இரண்டும் கலந்தும் இருக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். ஒரு சொல்லைத் தேடி அது ஆவணத்தில் இல்லை என்று வந்தால், குறி எழுத்து வரும் பகுதியை விட்டுவிட்டுச் சொல்லின் மீதியை மட்டும் தட்டித் தேடிப் பாருங்கள்.